ஜேன் ஃபோண்டாவின் உண்டியலில் யார் பணம் போடலாம்?

எண்ணூர், மணலி, அத்திப்பட்டுப் பக்கம் வீடு. பிள்ளையோ மருமகளோ நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ வேலை. இப்படிப்பட்ட குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் ஒரு நன்கொடைச் சுட்டி வந்து விழும்: ஜேன் ஃபோண்டா கிளைமேட் பிஏசி. ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டா 2022 மார்ச்சில் தொடங்கிய தேர்தல் நிதிக் குழு இது. இப்படிப்பட்ட குழுவைத்தான் அங்கே பிஏசி என்கிறார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு கம்பெனிகளுக்கு வேண்டப்பட்ட அரசியல்வாதிகளைத் தோற்கடிப்பதும், அந்தக் கம்பெனிகளின் பணத்தைத் தொடாத வேட்பாளர்களை ஜெயிக்க வைப்பதும்தான் இதன் வேலை. “சாம்பல் காற்றில் வளர்ந்த நாம இதுக்குக் கொடுக்காம வேற எதுக்குக் கொடுப்பது” என்று ஒருவர் எழுதுவார். “நடிகை வசூலுக்கு நம்ம பிள்ளைங்கதான் கிடைச்சாங்களா” என்று இன்னொருவர் பதில் போடுவார். இதை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, பணம் எங்கே நுழைகிறது, வழியில் எவ்வளவு கழிகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவோம். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர், எந்த ஊரில் எந்தச் சின்னப் பதவிக்கு யார் நிற்கிறார் என்று தேட நேரமில்லாதவர் என்றால், இது காசுக்குத் தகுந்த சேவை. தன் ஊர் வேட்பாளரை நேரில் தெரிந்தவருக்கு நடுவில் ஆள் தேவையில்லை, நேரடியாகக் கொடுக்கலாம். எச்1பி, எல்1, எஃப்1 போன்ற வேலை, படிப்பு விசாவில் இருப்பவருக்கு இது ஆகவே ஆகாது. அங்கே கேள்வி நல்லதா கெட்டதா என்பதல்ல, சட்டம்.

நம்ம ஊரில் நடிகர் அரசியலுக்கு வந்தால் கட்சி தொடங்குவார். கொடி, சின்னம், மாநாடு, பிறகு தானே ஒரு தொகுதியில் நிற்பார். 1972இல் எம்ஜிஆர், 2005இல் விஜயகாந்த், 2018இல் கமல்ஹாசன், 2024இல் விஜய் என்று வரிசை அப்படித்தான். ஃபோண்டா நிற்கவும் இல்லை, கட்சியும் தொடங்கவில்லை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1972இல் எதிரி நாடான வடவியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குப் போய் வந்ததற்காக இன்று வரை திட்டு வாங்குகிறவர். 2019இல் வாஷிங்டனில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் மறியல் நடத்திப் பலமுறை கைதானவர். அந்தப் பெயரை முதலாக வைத்து ஊரெல்லாம் திரட்டி, வெளியே முகம் தெரியாத வேட்பாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்.

“இவ்வளவு வசதியான அம்மா தன் பணத்தையே போடலாமே” என்ற கேள்வி வழக்கமாக வரும். போட முடியாது. வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கும் பிஏசி கணக்கில் ஒரு தனிமனிதர் ஓர் ஆண்டில் 5,000 டாலருக்கு மேல் போடக் கூடாது. தொடங்கியவருக்கும் அதே வரம்புதான். இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் போடக்கூடியதும், எடிசன் நகரில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம்ம ஆள் போடக்கூடியதும் ஒரே தொகை. இந்தக் கணக்கில் அதற்கு மேல் ஃபோண்டா சட்டப்படி போடக்கூடியது பெயரும் நேரமும்தான். மின்னஞ்சல் இவ்வளவு வருவதற்கும் காரணம் அதுவே.

இனி சரக்கு. அமெரிக்காவில் தேர்தல் வைத்து நிரப்பும் பதவிகள் 5 லட்சத்துக்கு மேல். அதிபர், செனட்டர் பெயர்கள் நமக்கும் தெரியும். ஆனால் ஓர் அனல்மின் நிலையம் வருமா, ஓர் எண்ணெய்க் கிணற்றுக்கு அனுமதி கிடைக்குமா, மின்கட்டணம் ஏறுமா என்று தீர்மானிப்பவர்கள் பல மாநிலங்களில் பெயர் தெரியாத ஆணைய உறுப்பினர்கள். டெக்சஸில் ‘ரயில்ரோடு கமிஷன்’ என்று ஒன்று இருக்கிறது. ரயிலுக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமே இல்லை, 2005ஓடு அந்தப் பொறுப்பு கைமாறிவிட்டது. எண்ணெய், எரிவாயுத் தொழிலை மேற்பார்க்கும் ஆணையம் அதுதான். மூன்று உறுப்பினர்கள், ஆறு ஆண்டுப் பதவிக்காலம், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரிசோனாவிலும் ஜார்ஜியாவிலும் மின்சாரக் கம்பெனிகளை மேற்பார்க்கும் ஐந்து பேர் ஆணையத்துக்கும் ஓட்டுத்தான். ஜார்ஜியாவில் 2025 நவம்பரில் அப்படி இரண்டு இடங்களை ஜனநாயகக் கட்சி பிடித்தது. மின்கட்டண ஏற்றத்தின் மேல் இருந்த கோபம் அதில் பெரிய பங்கு வகித்தது.

வடசென்னையில் இதைப் படிப்பவருக்கு வித்தியாசம் உடனே உறைக்கும். வல்லூரில் 1,500 மெகாவாட், வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டத்தில் 2024 மார்ச்சில் திறந்த 800 மெகாவாட், அதற்கு முந்தைய இரண்டு கட்டங்கள், மணலியில் சுத்திகரிப்பு ஆலை என்று எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினர்களை அரசு நியமிக்கிறது. நாம் ஓட்டுப் போடுவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துவந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்தபோது, மீனவர் மனுவோடு போனது அதிகாரிகளிடமும் பசுமைத் தீர்ப்பாயத்திடமும். அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்க்க அந்த அதிகாரி எந்த வாக்குச்சீட்டிலும் இல்லை. அமெரிக்காவில் பல இடங்களில் அப்படிப்பட்டவர் வாக்குச்சீட்டில் இருக்கிறார்.

இந்தக் குழுவின் தனிச்சரக்கும் இதுதான். வாஷிங்டன் பதவிகளோடு நிற்காமல் மாநில சட்டமன்றம், கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), நகர மன்றம் என்று கீழே இறங்குகிறது. சில கோடி டாலர் புழங்கும் செனட் போட்டியில் ஒரு பிஏசி கொடுக்கும் 5,000 டாலர் கடலில் கரைத்த பெருங்காயம். நகர மன்ற வேட்பாளருக்கு அதே தொகை ஒரு சுற்று துண்டறிக்கை அச்சடித்துத் தபாலில் சேர்க்க உதவும். கலிபோர்னியாவில் வீடு, பள்ளிக்கூடத்திலிருந்து 3,200 அடிக்குள், அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், புது எண்ணெய்க் கிணறு கூடாது என்று 2022இல் ஒரு சட்டம் வந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் கையெழுத்து வாங்கி அதைப் பொதுவாக்கெடுப்புக்கு இழுத்தன. சட்டத்தைக் காப்பாற்றும் பிரசாரத்தில் ஃபோண்டா முன்னால் நின்றார். 2024 ஜூனில் கம்பெனிகள் தாங்களாகவே பின்வாங்கின. 3,200 அடி என்ற கணக்கை எண்ணூரின் மீனவக் கிராமமான காட்டுக்குப்பத்தில் நின்று படித்தால் பெருமூச்சுதான் வரும்.

‘கம்பெனிப் பணம் தொடாதவர்’ என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. அங்கே பரவலாகப் புழங்கும் உறுதிமொழியின்படி எண்ணெய், எரிவாயு, நிலக்கரி கம்பெனிகளின் பிஏசி, அவற்றுக்காக அரசிடம் பரிந்து பேசும் தரகர்கள், மேலதிகாரிகள் ஆகியோரிடம் 200 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் தம்பி 50 டாலர் கொடுத்தால் தப்பில்லை. வேட்பாளர் உண்மையில் அப்படித்தான் நடக்கிறாரா என்பதை அவருடைய நன்கொடையாளர் பட்டியலில் பார்த்துவிடலாம். எப்படி என்பது கீழே வருகிறது.

யார் கொடுக்கலாம் என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அமெரிக்கக் குடிமகன் கொடுக்கலாம், கிரீன் கார்டு கையில் உள்ளவர் கொடுக்கலாம். மற்ற எவரும் கூடாது. எச்1பியில் பத்து ஆண்டு வரி கட்டியிருந்தாலும் கூடாது. கிரீன் கார்டு மனு நிலுவையில் இருந்தாலும் கூடாது, கார்டு வந்திருக்க வேண்டும். நாடாளுமன்றத் தேர்தல் மட்டுமல்ல, மாநில, நகராட்சித் தேர்தலுக்கும் இந்தத் தடை பொருந்தும். கணவர் எச்1பி, மனைவி குடியுரிமை பெற்றவர் என்றால் மனைவி தன் பெயரில், தன் பணத்தில், தன் கார்டில் கொடுக்கலாம். கணவர் “என் பங்கையும் சேர்த்துப் போடு” என்று பணம் மாற்றிவிட்டால் அது அடுத்தவர் பெயரில் கொடுத்த நன்கொடை ஆகிவிடும். தண்டையார்பேட்டையிலிருந்து அப்பா பிள்ளைக்குப் பணம் அனுப்பி “நம்ம சார்பா அந்தம்மாவுக்குக் கொடு” என்பதும் அதே குற்றம்தான்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. மும்பையில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற வலதுசாரி எழுத்தாளர் தினேஷ் டிசோசா, 2012இல் நியூயார்க் செனட் வேட்பாளர் ஒருவருக்கு மற்றவர்கள் பெயரில் 20,000 டாலர் கொடுக்க வைத்து, பிறகு அந்தப் பணத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கண்காணிப்பு விடுதியில் எட்டு மாதம், 30,000 டாலர் அபராதம், ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. 2018இல் டிரம்ப் மன்னித்தார். அவர் அமெரிக்கக் குடிமகன். விசாவில் இருப்பவருக்கு இதே தப்பு விசாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு கூத்து உண்டு. அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கிவிட்டு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையோடு ராயபுரத்தில் வந்து தங்கியிருக்கும் பாட்டி ஃபோண்டாவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். தெருமுனையில் இருக்கும் கட்சிக் கிளைக்குக் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அவருடைய பேரன் இந்திய பாஸ்போர்ட்டோடு டாலஸில் எச்1பியில் இருந்தால் நேர்மாறு. தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக இங்குள்ள கட்சிக்குக் கொடுக்கலாம், ஃபோண்டாவுக்குக் கூடாது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், இரண்டு உண்டியல், ஒருவருடையது மற்றவருக்கு ஆகாது. பாட்டி இங்கிருந்து ஆன்லைனில் கொடுத்தால் முகவரி இந்தியா என்று வரும். செல்லுபடியாகும் அமெரிக்க பாஸ்போர்ட் நகலைக் குழு கேட்டு வாங்கி வைக்கும். கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், அது அவர்களைக் காப்பாற்றும் விதி.

நன்கொடைப் பக்கம் ஆக்ட்ப்ளூ என்ற தளத்தில் ஓடுகிறது. 2004இல் தொடங்கியது, ஜனநாயகக் கட்சி, முற்போக்கு வட்டாரம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறது. பக்கம் சுத்தமாக இருக்கும், ஃபோனில் நன்றாக ஓடும், இரண்டு நிமிட வேலை. தொகையைத் தேர்ந்தெடுத்து, பெயர், முகவரி, தொழில், வேலை பார்க்கும் இடம், கார்டு விவரம் கொடுத்தால் முடிந்தது. தொழிலும் கம்பெனிப் பெயரும் எதற்கு என்று சிலர் காலியாக விடப் பார்ப்பார்கள். ஓர் ஆண்டில் 200 டாலரைத் தாண்டினால் அதைக் கேட்டுப் பதிவது குழுவின் கடமை, அதனால் எல்லோரிடமும் கேட்கிறார்கள். ஓய்வு பெற்றவருக்கும் வேலையில்லாதவருக்கும் தனி விருப்பம் இருக்கிறது. குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை உண்டு, என் சொந்தப் பணம், கம்பெனிப் பணம் இல்லை, மத்திய அரசு ஒப்பந்தக்காரர் இல்லை என்று உறுதி கேட்கும் வரிகளைப் படிக்காமல் தாண்டக் கூடாது. சொந்தமாக ஐடி கன்சல்டன்சி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை: கம்பெனி கார்டில் போடக் கூடாது. தனி ஆளாக மத்திய அரசோடு ஒப்பந்தம் இருந்தால் சொந்தப் பணத்தையும் போடக் கூடாது. ஒப்பந்தக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு இந்தத் தடை கிடையாது.

ஆக்ட்ப்ளூ 3.95 சதவீதம் பிடித்துக்கொள்ளும். 25 டாலர் போட்டால் 24 டாலர் போய்ச் சேரும். கார்டு கட்டணமும் அதற்குள்ளேயே என்பதால் இது நியாயம்தான். அதற்கு மேல் ‘டிப்’ என்று ஒன்று கேட்கும். அது ஆக்ட்ப்ளூவுக்குப் போவது, ஃபோண்டாவுக்கு அல்ல, கொடுக்காவிட்டால் எதுவும் கெடாது. மாதாமாதம் என்ற தெரிவு மேல் இன்னும் கவனம் வேண்டும். தவறுதலாக அழுத்திவிட்டால் கார்டிலிருந்து மாதம் தவறாமல் போய்க்கொண்டே இருக்கும். ரசீது மின்னஞ்சலில் இருக்கும் சுட்டி வழியாக நிறுத்தலாம்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி கார்டைச் சேமித்து வைக்கும் எக்ஸ்பிரஸ் வசதி. ஒருமுறை சேமித்துவிட்டால், பிறகு வரும் மின்னஞ்சலில் “25 டாலர்” என்ற பொத்தானைத் தொட்ட மாத்திரத்தில் பணம் போய்விடும். உறுதிப்படுத்தும் பக்கம் வராது. என்னவென்று பார்க்கலாம் என்று தொடுகிறவர்தான் மாட்டுகிறார். அவசரம் இல்லாதவர் சேமிக்க வேண்டாம். போய்விட்டால் ஆக்ட்ப்ளூவுக்கு எழுதித் திருப்பிக் கேட்கலாம், கார்டு கம்பெனியில் முறையிடுவது இரண்டாம் பட்சம்.

சில நேரம் ஃபோண்டா பெயரில் வரும் கோரிக்கை மூன்று நான்கு வேட்பாளர்களுக்கும் பிஏசிக்கும் சேர்த்து இருக்கும். நீங்கள் போடும் தொகை எல்லோருக்கும் சமமாகப் பிரியும். தொகைக்குக் கீழே பங்கை மாற்றிக்கொள்ளும் சுட்டி ஒன்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் திறந்து, வேண்டாத பெயருக்கு எதிரே பூஜ்ஜியம் போடலாம். இப்படி வேட்பாளர் பெயருக்குப் போகும் பங்கு, அந்த வேட்பாளருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சவரம்பில் கழியும். மத்தியத் தேர்தல் வேட்பாளருக்கு 2025–26 என்ற இரண்டாண்டுத் தேர்தல் சுழற்சியில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலும் பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு.

அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நம்மவர்களுக்குத் தெரியவே தெரியாது. 200 டாலருக்குள் கொடுத்தால் பெயர் வெளியே வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குழுவின் அறிக்கையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஆக்ட்ப்ளூ இடையில் நின்று பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் அமைப்பு என்பதால், தன் அறிக்கையில் ஒவ்வொரு நன்கொடையையும் காட்டுகிறது. ஐந்து டாலராக இருந்தாலும் பெயர், ஊர், வேலை பார்க்கும் இடம், தேதி எல்லாம் அமெரிக்காவின் மத்தியத் தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் தேடக்கூடிய பதிவாகிவிடும். அலுவலக மேலாளரும் தேடலாம். தகுதி இல்லாதவர் தெரியாமல் கொடுத்ததும் அங்கே அப்படியே கிடக்கும். ஆக்ட்ப்ளூ வழியாக வெளிநாட்டுப் பணம் வருகிறதா என்று விசாரிக்க 2025 ஏப்ரலில் டிரம்ப் உத்தரவு போட்டதையும் நினைவில் வைத்தால், “பத்து டாலர்தானே” என்ற அலட்சியம் வராது.

மின்னஞ்சல், எஸ்எம்எஸ் விஷயத்தில் இந்தச் சேவைக்கு நாம் தரும் மதிப்பெண் குறைவு. ஃபோண்டா மட்டுமல்ல, இந்தத் தொழிலே அப்படி. மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 நெருங்கினால் “இன்று நள்ளிரவுக்குள்” என்று மழை பொழியும். அது கணக்கு முடிக்கும் தேதி. ஒன்றாம் தேதி கொடுத்தாலும் பணம் அதே வேலையைத்தான் செய்யும். “உங்கள் 10 டாலருக்கு ஐந்து மடங்கு சேரும்” என்று எந்தக் குழுவிடமிருந்து வந்தாலும் நம்பாதீர்கள். ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் என்ற வரம்பு இருக்கும்போது, உங்களுக்குப் பின்னால் நின்று ஐந்து மடங்கு போடும் புண்ணியவான் எங்கிருந்து வருவார்? ஒரு குழுவுக்குக் கொடுத்த முகவரி மற்றக் குழுக்களுக்கும் போய்ச் சேரும், பட்டியலை வாடகைக்கு விடுவதும் மாற்றிக்கொள்வதும் அங்கே சட்டப்படியான வியாபாரம். நன்கொடைக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்வதும், ஃபோன் எண் கட்டாயமில்லாத இடத்தில் கொடுக்காமல் விடுவதும் உத்தமம். எஸ்எம்எஸ் வந்தால் ‘ஸ்டாப்’ என்று ஆங்கிலத்தில் பதில் போட்டால் அந்த எண்ணிலிருந்து நிற்கும்.

பிரபலம் பெயரில் போலிக் குழுக்கள் முளைப்பதும் உண்டு. வேட்பாளரின் பெயரை அவர் அனுமதியில்லாமல் குழுவுக்கு வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நடிகை வேட்பாளர் இல்லையே, அதனால் அந்தக் காவல் இங்கே உதவாது. ஒவ்வொரு குழுவுக்கும் சி என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். ஆணையத் தளத்தில் பெயரைத் தேடி, முகவரியும் இணையதளமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த சுருக்கிய சுட்டி வழியாகப் போகவே வேண்டாம்.

பணம் கடைசியில் வேட்பாளரிடம் போகிறதா என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த காலந்தொட்டுச் சந்தாவும் ரசீதும் பழகிய பகுதி நம்முடையது. உண்டியல் குலுக்கியவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பது இங்கே பழைய பழக்கம். ஆணையத் தளத்தில் குழுவின் பக்கத்தைத் திறந்து, மேலே இரண்டாண்டுச் சுழற்சியைத் தேர்ந்தெடுங்கள். மத்தியத் தேர்தல் இல்லாத ஒற்றைப்படை ஆண்டை மட்டும் பார்த்தால் செலவுதான் தெரியும், வேட்பாளருக்குப் போனது தெரியாது. அது அநியாயமான கணக்கு. அறிக்கையின் பெயர் படிவம் 3எக்ஸ். அதில் 21பி வரி குழுவை நடத்தும் செலவு: ஆலோசகர், மின்னஞ்சல், விளம்பரம், வக்கீல். 23ஆம் வரி மத்திய வேட்பாளர்களுக்குக் கொடுத்தது. 24ஆம் வரி வேட்பாளரோடு கலந்து பேசாமல் தானாகச் செய்த பிரசாரச் செலவு. 29ஆம் வரி ‘இதர செலவுகள்’.

பெரும்பாலானோர் 23ஐ மட்டும் பார்த்துவிட்டு “பார்த்தியா, கொஞ்சம்தான் கொடுத்திருக்கா” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாநில, உள்ளூர் வேட்பாளருக்குக் கொடுத்தது 29இல் கிடக்கும். இந்தக் குழுவின் சரக்கே உள்ளூர் பதவிகள்தான் என்பதால் 29ஐ விட்டால் கணக்கே தப்பு. 23, 24, 29 மூன்றையும் கூட்டி மொத்தச் செலவால் வகுங்கள். 29இன் உள்ளே ஒவ்வொரு பதிவையும் திறந்து, உண்மையில் வேட்பாளர் பெயர்தானா என்றும் பாருங்கள், வேறு சில்லறைச் செலவும் அங்கே ஒதுங்கியிருக்கலாம். சுழற்சி முடிவில் இந்த விகிதம் பாதிக்குக் கீழே இருந்தால் எந்தக் குழுவாக இருந்தாலும் நாம் யோசிப்போம். புதிதாகத் தொடங்கிய குழுவுக்கு முதல் சுழற்சியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், பட்டியல் சேர்க்கவே பணம் கரையும்.

எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று விளம்பரப்படுத்தும் கணக்கை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எப்படியும் ஜெயிக்கப் போகிறவருக்குக் கொடுத்தால் வெற்றி விகிதம் தானாக ஏறும். பட்டியலில் ஐந்தாறு பெயரை எடுத்து, அந்தப் போட்டியில் ஓட்டு வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். இழுபறியில் இருந்த இடங்களுக்குக் கொடுத்திருந்தால் தேர்ந்தெடுப்பவருக்கு மூளை இருக்கிறது என்று அர்த்தம்.

ஃபோண்டாவுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 1984இல் ஹாலிவுட் பெண்கள் சேர்ந்து ஓர் அரசியல் நிதிக் குழு தொடங்கினார்கள், பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், ஃபோண்டா போன்றோர் அதில் இருந்தார்கள். 1986இல் ஸ்ட்ரைசாண்ட் தன் மாலிபு வீட்டுத் தோட்டத்தில் ஒரு கச்சேரி வைத்தார். ஒரே இரவில் 15 லட்சம் டாலர் அளவுக்குச் சேர்ந்தது. 1997இல் அந்தக் குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. அரசியலில் பணம் ஆடும் ஆட்டம் பிடிக்கவில்லை என்றார்கள். அப்போது பெரிய கை, பெரிய இரவு. இப்போது ஃபோனில் பத்து இருபது டாலர். மாற்றம் நல்லதுக்குத்தான், ஆனால் நட்சத்திரத்துக்கு அலுத்துவிட்டால் குழு மூடும் என்ற பலவீனம் அப்படியே இருக்கிறது. மாதாந்திரக் கட்டாயம் வைத்துக்கொள்ளாமல் சுழற்சிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்துக் கொடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

“இதே மாதிரி இங்கே ஒன்று தொடங்கலாமா, எண்ணூர் கழிமுகத்துக்காகப் பேசும் வேட்பாளருக்கு நிதி திரட்டலாமா” என்ற கேள்வியும் வரும். பிஏசி என்ற உருப்படியே நம் சட்டத்தில் இல்லை. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மூன்றாம் ஆள் அவருக்காகச் செலவு செய்வது குற்றம். அனுமதியோடு செய்தால் அது அவருடைய செலவுக் கணக்கில் ஏறும், சட்டமன்றத் தேர்தலுக்கு 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. கட்சிக்கு நேரடியாகக் கொடுப்பதுதான் வழி. ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. வங்கி வழியாகக் கொடுத்தால் வரி போடும் வருமானத்தில் முழுத்தொகையையும் கழிக்கலாம், ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும். “கட்சிக்குக் கொடுங்க, கமிஷன் போக மீதியை ரொக்கமாத் தந்துடறோம்” என்று வரும் ஆடிட்டர்களை நம்பியவர்களுக்கு வருமான வரித்துறை நோட்டீஸ் வந்துகொண்டிருக்கிறது. ஃபோண்டா குழுவுக்குக் கொடுப்பதற்கு அமெரிக்காவில் எந்த வரிச்சலுகையும் இல்லை, அரசியல் நன்கொடை தர்மக் கணக்கில் வராது.

கிரீன் கார்டு வராதவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. சம்பளம் வாங்காத தன்னார்வலராக வேட்பாளருக்கு ஃபோன் செய்யலாம், வீடு வீடாகப் போகலாம், துண்டறிக்கையைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். விசாவில் இருப்பவருக்கும் இது அனுமதி. ஆனால் பணம் எங்கே போக வேண்டும், எந்த விளம்பரம் வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் உட்காரக் கூடாது. அச்சடித்த செலவைத் தன் கையிலிருந்து போடக் கூடாது, பிரசாரத்துக்குப் போன டீ, சமோசாவுக்கும் அதே விதிதான். அலுவலக லேப்டாப்பையும் அலுவலக நேரத்தையும் இதற்குத் தொட வேண்டாம்.